மீள்வது எங்கே?
போதை மீட்சி குறித்த சில பிரதிகளை முன்வைத்து

குடியிலிருந்தோ போதைப்பொருளிலிருந்தோ ஒருவர் விடுபடுவதைத் தமிழில் 'மீட்சி' என்கிறோம். இச்சொல்லின் அடியில் கிடப்பது 'மீள்': போன இடத்திலிருந்து திரும்பி வருதல். திரும்பி வருவதென்றால் புறப்பட்ட இடம் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அங்கே கதவைத் திறந்துவிட ஒருவர் வேண்டும். 'நல்லாயிருந்த பிள்ளை, இடையிலதான் இப்பிடிப் போச்சு' என்று சொல்ல நாலு பேராவது வேண்டும். இவை எதுவுமே இல்லாத ஒருவர் எங்கே மீள்வது?

புலம்பெயர்ந்து வாழும் எமக்கு இக்கேள்வியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எனினும் இக்கட்டுரை முதன்மையாக எம்மைப் பற்றியதல்ல. அமெரிக்காவில் வெள்ளையரல்லாதவராகவும், அதேவேளை ஒருபாலுறவாளராகவோ திருநங்கையாகவோ (இவர்கள் அனைவரையும் குறிக்க இன்று 'பால்புதுமையினர்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது) இருந்து, குடியிலும் போதையிலும் சிக்கிய மனிதருக்குக் கைகொடுப்பது பற்றிப் பேசும் சில பிரதிகளையும் சில முயற்சிகளையும் இங்கு வாசிப்புக்கு எடுத்துக்கொள்கிறோம். ஏன் அமெரிக்கா என்று கேட்கலாம். குடிநோயாளர் ஒருவருக்கொருவர் உதவி மீள்வது என்ற வழிமுறை இன்று உலகெங்கும் பரவியிருக்கும் வடிவத்தில் அங்கேதான் எழுத்தானது. அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது, யார் வாசலில் நின்றார்கள், நின்றவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதற்கான சாட்சியங்களும் அங்கே நிறைய உள்ளன.

எமது வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பிரதான மீட்சி இலக்கியம் மீட்சியை ஒரு மனிதரின் உள்ளத்தில் நிகழும் மாற்றமாகவே எழுதிவந்திருக்கிறது. வாசலில் நின்றவர்களின் அனுபவமோ, அது முதலில் ஓர் இடத்தின் பிரச்சினை என்கிறது.

1

1935இல் ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும், டொக்டர் பொப் என்று அறியப்பட்ட சத்திரசிகிச்சை வைத்தியரும் சந்தித்ததிலிருந்து 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' (பெயர் சொல்லாக் குடிநோயாளர்) இயக்கத்தின் வரலாறு தொடங்குகிறது. இயக்கத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நூல் 1939இல் வெளிவந்தது. உறுப்பினர்கள் அதைப் 'பெரிய புத்தகம்' என்பார்கள். 2001இல் வந்த நான்காம் பதிப்பு வரைக்கும் அதன் முதல் 164 பக்கங்கள் ஏறத்தாழ வேதநூல் போலவே காப்பாற்றப்பட்டு வந்திருக்கின்றன. 2024இல் எளிய மொழியில் ஒரு வடிவம் வெளிவந்தபோதும் மூலத்தின் மீது கை வைக்கப்படவில்லை.

இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம். முதற்பதிப்பின் துணைத்தலைப்பு, நூறுக்கும் மேற்பட்ட ஆண்கள் மீண்ட கதை இது என்று அறிவித்தது. மனைவிமாருக்கென ஓர் அத்தியாயம் உண்டு. முதலாளிமாருக்கென ஓர் அத்தியாயம் உண்டு. குடி நின்ற பிறகு குடும்பம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் ஓர் அத்தியாயம் உண்டு. மனைவிமார் பேசுவது போல அமைந்த அத்தியாயத்தையும் எழுதியவர் பில் வில்சனே. அதை எழுத விரும்பிய அவருடைய மனைவி லோயிஸுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இந்த நூல் கற்பனை செய்யும் குடிகாரர் யார் என்பதை அத்தியாயத் தலைப்புகளே சொல்லிவிடுகின்றன. அவருக்கு மனைவி இருக்கிறாள், வேலை இருக்கிறது, ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, அல்லது அண்மைக் காலம் வரை இருந்தது. குடி அவற்றைப் பறித்தது. குடியை விட்டால் அவை திரும்பக் கிடைக்கும். அவருடைய நோயின் வேராக நூல் காண்பது தன்முனைப்பை. ஆகவே மருந்தும் அதற்கேற்றதாக அமைகிறது: என்னால் முடியாது என்று ஒப்புக்கொள்வது, தன்னிலும் பெரிய சக்தியிடம் தன்னை ஒப்படைப்பது, செய்த பிழைகளைப் பட்டியலிட்டு இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது.

தன் அதிகாரத்தைத் தானே பெரிதாக நம்பியிருந்த ஒரு பங்குத் தரகருக்கு இது உண்மையான மருந்தாக இருந்திருக்கும் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிறுவயதிலிருந்தே தன் நடையை, குரலை, கை அசைவை அடக்கி அடக்கி வளர்ந்த ஒரு கறுப்பினப் பையனிடம் போய் 'உன் அகந்தையை விடு' என்றால் அவன் எதை விடுவான்? அவனிடம் இருப்பது அகந்தையா, அல்லது உயிரோடிருக்க அவன் கட்டிக்கொண்ட வேலியா?

பிழைகளை வாய்விட்டுச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. இலினோய் மாநிலத்தின் புதிய குற்றவியற் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வரும்வரை, அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒருபாலுறவு தண்டனைக்குரிய குற்றம். நாடு முழுவதும் அச்சட்டங்கள் செல்லாதவையாக 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே தன் வாழ்வை முழுவதுமாக ஒப்புவிக்கும்படி கேட்கப்பட்ட ஒருவர், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படியும் கேட்கப்பட்டார். ஒருவருக்கு மனப்பாரத்தை இறக்கிவைக்கும் சடங்கு, இன்னொருவருக்குப் பொலிஸ் வாக்குமூலம் போலாகிவிடுகிறது.

'நோய்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். குடியை ஒழுக்கக்கேடாகப் பார்த்த சமூகத்திடம் 'இது நோய்' என்று வாதிட்டது அந்த இயக்கத்தின் பெரும் சாதனைகளில் ஒன்று. 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் குடிநோயை நோயென்று ஏற்றுக்கொண்டது. குடிகாரரை அவமானத்திலிருந்து விடுவித்த சொல் அது. ஆனால் அதே காலத்தில் ஒருபாலுறவும் மனநோய்ப் பட்டியலில் இருந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அதை நீக்கியது 1973இல்தான். ஆக, ஒரே தசாப்தங்களில் ஒரே சொல் ஒருவரின் விலங்கைக் கழற்றியது, இன்னொருவருக்கு விலங்காகப் பூட்டப்பட்டது. இரண்டு மனிதரும் ஒருவராகவே இருந்தால் அவர் என்ன செய்வார்? 'உனது ஒரு நோயை மன்னிக்கிறோம், மற்றதைச் சொல்லாதே' என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

2

நாம் சொல்வதை இயக்கத்தின் சொந்தக் கதைகளிலேயே காணலாம். 1953இல் வெளியான அவர்களது இரண்டாவது முக்கிய நூலில், மூன்றாவது மரபை விளக்கும் பகுதியில், பில் வில்சன் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். இயக்கத்தின் இரண்டாம் ஆண்டில் ஒருவர் உதவி கேட்டு வருகிறார். குடியைவிட மோசமான களங்கமாகக் கருதப்பட்ட வேறொன்றும் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். பழைய உறுப்பினர்கள் தடுமாறுகிறார்கள். கடைசியில் அவர் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். அந்தக் களங்கம் எதுவென்று நூல் சொல்வதில்லை. அது பாலியல் சார்ந்தது என்பதை 1968இல் ஒரு கூட்டத்தில்தான் பில் வெளிப்படுத்தினார்.

இன்னொரு கதையும் உண்டு. அதைச் சொன்னவர் பாரி எல். என்ற ஒருபாலுறவாளர். இயக்கம் 1975இல் வெளியிட்ட, அன்றாடம் குடியாமல் இருப்பது எப்படி என்பதைச் சொல்லும் சிறு நூலை எழுதியவர். ஆனால் நூலில் அவர் பெயர் இல்லை. 1985இல் மொன்றியலில் நடந்த சர்வதேச மாநாட்டில் அவர் சொன்னது இது: 1945இல் நியூயோர்க்கின் 41ஆம் தெருவில் இருந்த மன்றத்துக்கு ஒருவர் வந்தார். கறுப்பினத்தவர். சிறையிலிருந்து வந்தவர். மஞ்சளாகச் சாயம் பூசிய தலைமுடி, பெண்ணுடை, முகப்பூச்சு. போதைப்பொருளும் பாவிப்பதாகச் சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர்கள் பில் வில்சனுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வந்தவர் குடிகாரரா? ஆமென்றால் அதற்கு மேல் எதையும் கேட்க எமக்கு உரிமையில்லை என்பது அவரது பதிலின் சாரம்.

இது ஒரு மகத்தான பதில் என்பதை நாம் மறுக்கவில்லை. 1945இல் அமெரிக்காவின் எந்தத் தேவாலயம், எந்த மருத்துவமனை, எந்தத் தொழிற்சங்கம் அப்படியொரு பதிலைச் சொல்லியிருக்கும்? ஆனால் இக்கதை சொல்லப்படும் விதத்தைக் கவனியுங்கள். வந்தவரின் தோல், முடி, உடை, சிறைவாசம் எல்லாம் எமக்குக் காட்டப்படுகின்றன. அவர் பேசியதாக நாம் கேட்பதோ உதவி வேண்டும் என்பதை மட்டுமே. திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை, தொலைபேசிப் பதிலோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அன்றிரவு அவர் எங்கே படுத்தார், அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் யார் இருந்தார்கள் என்பவை கதையில் இல்லை. அம்மனிதர் அங்கே ஒரு பரீட்சைத்தாள் போல வருகிறார், இயக்கம் சித்தியடைகிறது, தாள் ஒதுக்கி வைக்கப்படுகிறது. 1937க் கதையும் 1945க் கதையும் பலருடைய நினைவில் ஒன்றாகக் கலந்துபோய்விட்டன என்பதும் தற்செயலல்ல. முதற்கதையின் மனிதரோடு கலந்தபோது இரண்டாமவரின் கறுப்புத் தோலும் மறைந்துவிடுகிறது.

வாசலில் அனுமதிப்பது வேறு, உள்ளே இடம் கொடுப்பது வேறு. அதே 1945இல் தலைநகர் வாஷிங்டனில் கறுப்பினத்தவர் தமக்கென ஒரு குழுவைத் தொடங்க வேண்டியிருந்தது. வெள்ளையர் குழுக்கள் பல அவர்களைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நிர்வகிக்கும் என்ற நல்ல விதி, நிறவெறிக்கும் வசதியாகிப்போனது. அக்குழுவின் முன்னோடிகளில் ஒருவரான ஜிம் என்ற வைத்தியரின் கதை, 1955இல் வந்த இரண்டாம் பதிப்பில் இடம்பெற்றது. பின்னாளில் ஒருபாலுறவாளரும் அதே விதியைப் பிடித்துக்கொண்டுதான் தமக்கான குழுக்களை அமைத்தார்கள். அக்குழுக்களை அமைப்பின் பட்டியலில் சேர்க்க 1974வரை விவாதிக்க வேண்டியிருந்தது. தமது முன்னுரை வாசகத்தில் 'ஆண்களும் பெண்களும்' என்றிருந்ததை 'மக்கள்' என்று மாற்றியது 2021இல். கறுப்பினத்தவருக்கு ஒரு குழு, ஒருபாலுறவாளருக்கு இன்னொரு குழு. 41ஆம் தெருவுக்கு வந்த மனிதர் இதில் எந்தக் குழுவுக்குப் போவார்?

3

இதற்குப் பதிலைத் தேடினால் மீட்சி நூல்களை விட்டு ஓட்ரி லோர்ட்டிடம் போக வேண்டும். அவரது 'சாமி' (1982) குடியைப் பற்றிய நூலாகப் பொதுவில் வாசிக்கப்படுவதில்லை. கிரனேடாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த தாயின் மகளாக நியூயோர்க்கில் வளர்ந்த ஒரு கறுப்புப் பெண், பெண்களைக் காதலிப்பவளாகத் தன்னைக் கண்டடையும் தன்வரலாறு அது. ஆனால் 1950களின் கிரெனிச் வில்லேஜ் மதுச்சாலைகள் அந்நூலில் முக்கிய இடம்பிடித்து நிற்கின்றன.

ஏன் மதுச்சாலை? வேறிடம் இல்லை. வீட்டில் சொல்ல முடியாது, தேவாலயத்தில் சொல்ல முடியாது, வேலையிடத்தில் தெரிந்தால் வேலை போய்விடும். ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு கைகோத்து ஆடக்கூடிய கூரை அது ஒன்றுதான். அந்தக் கூரையும் நிரந்தரமில்லை. ஒருபாலுறவாளர் கூடுவதையே ஒழுங்கீனமாகக் கருதி மது அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்ட காலம். ஆகவே இத்தகைய பல மதுச்சாலைகளைப் பாதாள உலகக் கும்பல்களே நடத்தின. 1966இல் நியூயோர்க்கில் சில ஒருபாலுறவாளர்கள் ஒரு மதுச்சாலைக்குள் போய், நாங்கள் இன்னார் என்று அறிவித்துவிட்டுக் குடிக்கக் கேட்டதே ஒரு போராட்டமாகப் பதிவாகியிருக்கிறது. 1969இல் கலகம் வெடித்த ஸ்ரோன்வோல் விடுதியும் அத்தகைய கும்பலின் கையிலிருந்த இடமே. விடுதலை வரலாறு மதுக்கோப்பையோடு பிணைந்தே தொடங்குகிறது என்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள், அந்தப் பிணைப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

லோர்ட் கேட்கிறார். பகற்றெல் என்ற மதுச்சாலையின் வாசலில் நிற்பவர், வயது போதாதென்று சந்தேகித்து அவரிடம் அடையாள அட்டை கேட்கிறார். கூட வந்த வெள்ளைத் தோழியரைவிடத் தனக்கே வயது கூட என்பதை லோர்ட் குறித்துவைக்கிறார். புகலிடத்தின் வாசலிலும் ஒரு குடிவரவு அதிகாரி. உள்ளே போனாலோ தன்னைப் போன்ற முகம் ஒன்றிரண்டு. நூலில் வரும் காதலி மூறியல் மனச்சிதைவோடும் குடியோடும் மெல்ல மெல்லக் கரைந்துபோகிறாள். லோர்ட் அதற்குத் தீர்ப்பு எழுதுவதில்லை. வீடாக இருந்த இடமே விழுங்கும் இடமாகவும் இருந்தது என்பதை விவரிப்பதோடு நிற்கிறார்.

அவர் வந்தடையும் முடிவு எமது வாசிப்புக்கு முக்கியமானது. பெண்களாக ஒன்றுசேர்ந்தது போதவில்லை, ஒருபாலுறவாளராக ஒன்றுசேர்ந்தது போதவில்லை, கறுப்பினத்தவராக ஒன்றுசேர்ந்ததும் போதவில்லை. வேறுபாடுகளோடு கூடியிருக்கத் தெரிந்த ஓரிடமே பாதுகாப்பானது என்கிறார். 'நாமெல்லோரும் ஒரே நோயாளிகள்' என்ற ஒற்றுமையால் நிறைவேறாத ஒன்றை இது தொட்டுக்காட்டுகிறது. குடியை நிறுத்து என்று இவர்களில் ஒருவரிடம் சொல்வது, இருக்கிற ஒரே வீட்டைவிட்டு வெளியேறு என்று சொல்வதாகும். அடுத்த வீட்டைக் காட்டாமல் அதைச் சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை.

4

பாரி ஜென்கின்ஸ் இயக்கிய 'மூன்லைற்' (2016) பற்றித் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. கறுப்பின ஒருபாலுறவாளனின் கதை, 2017இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது என்ற அளவில் அது பலருக்குத் தெரியும். படத்தின் மூலக்கதையை எழுதிய ரறெல் அல்வின் மக்றேனியும் ஜென்கின்ஸும் மயாமியின் லிபேற்றி சிற்றிப் பகுதியில் வளர்ந்தவர்கள். இருவரின் தாய்மாரும் 'கிராக்' எனும் கொக்கெயின் வகைக்கு அடிமைப்பட்டவர்கள். ஆகவே இதை ஒரு மீட்சிப் பிரதியாகவும் வாசிக்க வேண்டும் என்கிறோம்.

அந்தப் போதைப்பொருளின் அரசியலை மறந்து இப்படத்தைப் பார்க்க முடியாது. 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஐந்து கிராம் கிராக்குக்கு விதித்த குறைந்தபட்சச் சிறைத்தண்டனையை, தூள் கொக்கெயினுக்கு 500 கிராமுக்கே விதித்தது. தூள் வசதி படைத்தவர் வீடுகளிலும் கிராக் வறிய கறுப்பினக் குடியிருப்புகளிலும் புழங்கியது. 2010இல் இந்த விகிதம் நூறிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது, சமமாக்கப்படவில்லை. பங்குத் தரகரின் குடி நோயாகும். லிபேற்றி சிற்றித் தாயின் போதை குற்றமாகும்.

படத்தின் முதற்பகுதியில் ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி உண்டு. ஒருபாலுறவாளரை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சிறுவன் சைரன் கேட்கிறான். அவனுக்கு அடைக்கலம் கொடுத்த ஹுவான், மிகுந்த பரிவோடு பதில் சொல்கிறான். அடுத்த கேள்வி: நீ போதைப்பொருள் விற்கிறாயா? அடுத்தது: என் அம்மா அதைப் பாவிக்கிறாளா? ஹுவானின் தலை கவிழ்கிறது. பாலியல் பற்றிய கேள்வியும் போதை பற்றிய கேள்வியும் ஒரே மேசையில், ஒரே மூச்சில். சிறுவனுக்கு வீடு கொடுத்த கைதான் அவன் வீட்டை அழித்த கையும். லோர்ட்டின் மதுச்சாலையை நாம் மறுபடியும் இங்கே சந்திக்கிறோம்.

மூன்றாம் பகுதியில் தாய் போலா அற்லாண்டாப் பக்கத்து மறுவாழ்வு இல்லமொன்றில் இருக்கிறாள். வளர்ந்த மகன் பார்க்க வருகிறான். எப்போது வீட்டுக்குப் போவாய் என்று அவன் கேட்க, இதுதான் வீடு என்கிறாள். அங்கேயே தங்கி மற்றவர்களுக்கு உதவுகிறாள். மகனிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அதற்கு ஈடாக அன்பைக் கோராமல். மீட்சி என்பது பழைய வீட்டுக்குத் திரும்பிப்போவது என்ற பெரிய புத்தகத்தின் கற்பனையை இக்காட்சி சத்தமில்லாமல் உடைத்துவிடுகிறது. நாம் பார்த்த மீட்சிக் காட்சிகளில் இதைவிட உண்மையானது அரிது.

ஆனால் விமர்சனமும் உண்டு. தாய்க்கு ஓர் இல்லம் கிடைக்கிறது. மகனுக்கு? அவன் இப்போது ஹுவானைப் போலவே போதைப்பொருள் விற்கிறான். உடம்பைத் தசையாலும் பல்லைத் தங்கத்தாலும் மூடிக்கொண்டு, தொடுகை இல்லாமல் ஆண்டுகளைக் கடத்தியிருக்கிறான். அவனுக்குப் படம் தருவது பழைய நண்பன் சமைத்துக்கொடுக்கும் ஒரு தட்டுச் சாப்பாடும், சாய்ந்துகொள்ள ஒரு தோளும். இது அழகு, மனதை உருக்குகிறது. ஆயினும் ஒரு சமூகத்தின் பொறுப்பை ஒரு காதலின் தலையில் ஏற்றிவைப்பது நியாயமா? நண்பன் கெவின் தொலைபேசி எடுக்காதிருந்தால் சைரனுக்கு எந்தக் கதவு இருந்தது? படம் இந்தக் கேள்வியைத் தன் அழகால் கடந்துபோய்விடுகிறது.

5

கேள்வியைக் கடந்துபோகாமல் கையால் பதில் எழுதியவர்களும் உண்டு. அவர்களுடைய பிரதிகள் பெரும்பாலும் நூல்களாக இல்லை, இடங்களாகவே இருந்தன.

1970இல் நியூயோர்க்கில் மார்ஷா பி. ஜோன்சன் என்ற கறுப்பினத் திருநங்கையும், புவேர்ட்டோ ரிக்கோ, வெனிசுவேலா வேர்களைக் கொண்ட சில்வியா ரிவேராவும் 'ஸ்ரார்' என்ற அமைப்பைத் தொடங்கினர். தெருவில் விடப்பட்ட திருநர் இளையோருக்குக் கூரை கொடுப்பது அதன் முதல் வேலை. வாடகையைத் தமது உடலை விற்றுக் கட்டினார்கள், பிள்ளைகள் விற்க வேண்டியிராமல். வீடு நெடுநாள் நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தென் பிறொங்ஸின் லிங்கன் மருத்துவமனையில் 'யங் லோர்ட்ஸ்' என்ற புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பும் கருஞ்சிறுத்தைகளும் போதைக்கு அடிமைப்பட்டவர்களும் ஒரு தளத்தைக் கைப்பற்றிச் சிகிச்சை நிலையம் தொடங்கினர். காதில் ஊசி குத்தும் சீன மருத்துவமும் அரசியல் வகுப்பும் அங்கே அக்கம்பக்கத்தில் நடந்தன. உன் நரம்பில் ஏறும் ஹெரோயின் உன் தெருவுக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வதும் சிகிச்சையின் பகுதியே என்றார்கள். 1978இல் நகர நிர்வாகம் அவர்களை வெளியேற்றியது. காது ஊசி முறை மட்டும் அரசியல் நீக்கப்பட்டு உலகெங்கும் பரவியது.

யங் லோர்ட்ஸ் முதலில் 'புரட்சிகர ஆண்மை' என்று எழுதிவைத்திருந்தவர்கள். 1970இல் பெண் உறுப்பினரின் போராட்டத்தால் அந்த வரியை அடித்துத் திருத்தினார்கள். அங்கே தன்னை மரியாதையோடு நடத்தினார்கள் என்று சில்வியா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் 1973இல் ஒருபாலுறவாளர் பேரணி மேடையிலேயே அவர் கூச்சலிடப்பட்டு அவமானப்படுத்தப்பட்டார். பிறகு குடியும் போதையும் வீடின்மையுமாக நெடுங்காலம். 1990களில் ஹட்சன் ஆற்று இறங்குதுறையில் வீடற்றவர்களோடு வாழ்ந்தார். கடைசி ஆண்டுகளில் புறூக்ளினில் திருநர்கள் நடத்திய வீடொன்று அவருக்கு இடம் கொடுத்தது. 2002இல் இறக்கும்வரை தேவாலயமொன்றின் உணவு வழங்கும் பணியைக் கவனித்தார். இடம் கொடுத்தவருக்கு இடம் கிடைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எடுத்தன.

இன்னொரு உதாரணம் வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து. 1988இல் மினியாபொலிஸில் பூர்வகுடி ஒருபாலுறவாளர், திருநரின் ஒன்றுகூடல் தொடங்கியது. 1990இல் வினிப்பெக் அருகே கூடியபோது 'ஈருயிரர்' என்று பொருள்படும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். இந்த ஒன்றுகூடல்களில் மதுவுக்கும் போதைக்கும் இடமில்லை என்பதை அவர்கள் வழமையாக்கினார்கள். இதை ஒழுக்கவிதியாக நாம் வாசிக்கவில்லை. மதுச்சாலைக்கு வெளியே ஒரு பால்புதுமை வாழ்வு சாத்தியம் என்று காட்ட, அதை முதலில் சில நாட்களாவது வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற அறிவு அது. குடிக்காதவர் ஓரமாக நிற்கத் தேவையில்லாத கூட்டம். பெயரை மறைக்க வேண்டியிராத கூட்டம். பெயரைப் புதிதாகவே சூட்டிக்கொண்ட கூட்டம்.

இவற்றுக்கெல்லாம் கோட்பாட்டு மொழி கொடுத்தவர் என பெல் ஹூக்ஸைச் சொல்லலாம். அவரது 'சிஸ்ரேர்ஸ் ஒவ் த யாம்' (1993) கறுப்பினப் பெண் மாணவிகளோடு அவர் நடத்திய ஆதரவுக் குழுக்களிலிருந்து பிறந்தது. போதை குறித்து ஒரு முழு அத்தியாயமே அதில் உண்டு. சந்தையில் குவியும் சுயமேம்பாட்டு நூல்கள் அடக்குமுறையைப் பேசுவதில்லை. அடக்குமுறையைப் பேசும் இயக்கங்கள் காயத்தைப் பேசுவதில்லை. இரண்டையும் ஒரே அறையில் பேச வேண்டும் என்பது அவரது வாதம். லிங்கன் மருத்துவமனைக்காரர் அரசியலைச் சொன்னார்கள். தனிமனிதரின் இரவு நேரத்துத் தனிமையைச் சொல்ல அவர்களிடம் போதிய மொழி இருக்கவில்லை. பெரிய புத்தகம் அந்தத் தனிமையை நன்கறியும், தெருவை அறியாது.

6

அப்படியானால் பெரிய புத்தகத்தை எறிந்துவிடச் சொல்கிறோமா? இல்லை. 2020இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை ஒப்பிட்டு, தொடர்ந்து குடியாமல் இருப்பது என்ற அளவுகோலில், ஏ.ஏ.யோடு மக்களை இணைக்கும் முறையான வழிகள் மற்றைய பல சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருவதாகக் கண்டது. காசு கேட்காமல், பதிவேடு இல்லாமல், ஊருக்கு ஊர் திறந்திருக்கும் கதவு வேறெது? பிழைப்புக்கு அல்லாடும் ஒருவரிடம் 'அந்தக் கதவு கோட்பாட்டளவில் பிழையானது' என்று சொல்லி அனுப்புவது விமர்சனமாகாது, கொடுமை. அந்த இயக்கத்தின் உள்ளேயே பாரி எல். போன்றோர் இருந்து அதை மாற்றிவந்திருக்கிறார்கள் என்பதும் எமது வாசிப்பின் பகுதியே.

நாம் சொல்வது ஒன்றுதான்: ஒருவர் தன்னை மாற்றிக்கொள்ள அழைக்கும் எந்தப் பிரதியும், மாறிய பின் அவர் போய் இருக்கக்கூடிய இடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எம் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு முடிக்கிறோம். ஷியாம் செல்வதுரையின் 'பனி போய்' (1994) 1983 வன்செயலுக்குப் பின் கனடாவுக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தோடு முடிகிறது. அக்குடும்பத்தின் ஒருபாலுறவாளப் பையன் வந்திறங்கிய நகரங்களில்தான் நாம் இன்று கோயிலும் தமிழ்ப் பள்ளியும் ஊர்ச்சங்கமும் கட்டி வைத்திருக்கிறோம். குடியைப் பற்றி அங்கே பேசப்படுவதில்லை. ஒருபாலுறவைப் பற்றியும் பேசப்படுவதில்லை. இரண்டு மௌனங்களும் ஒரே ஆளில் சந்தித்தால் அவருக்கு அங்கே நிற்க ஓரடி நிலமும் இல்லை. மாற்றுக் கருத்தாளர் கூடும் எமது இலக்கியக் கூடல்கள் அவரை வரவேற்கலாம். ஆனால் அக்கூடல்களும் பல வேளை போத்தலோடுதான் முடிகின்றன; இரவின் உண்மையான பேச்செல்லாம் மேசையில் கிளாஸ் வைத்த பிறகே தொடங்குகிறது. குடியை விட்ட ஒருவர், சிந்திக்கும் நண்பர்களையும் சேர்த்தே விடவேண்டிய நிலை.

மினியாபொலிஸில் கூடியவர்கள் எம்மைவிட வசதியோடு இருந்தவர்களல்ல. ஒரு மண்டபமும் கொஞ்சச் சாப்பாடும் போத்தல் இல்லை என்ற ஒரு முடிவுமே அவர்களிடம் இருந்தன. அடுத்த சந்திப்புக்கு மண்டபம் பிடிப்பவர்கள் இதையும் ஒருக்கால் யோசிக்க வேண்டும்.